பக்தி இருக்கு, பாசம் இருக்கு... அப்புறம் ஏன் பள்ளிப் பையில் அரிவாள்?

2022 செப்டம்பர். சங்கரன்கோவில் பக்கத்தில் இருக்கும் பாஞ்சாங்குளம் கிராமத்தில், பள்ளிப் பிள்ளைகள் சிலர் பெட்டிக்கடைக்கு தின்பண்டம் வாங்கப் போகிறார்கள். ஊரில் 'கட்டுப்பாடு' போட்டிருக்கிறது, இனி உங்கள் தெரு ஆட்களுக்குக் கடையில் எதுவும் தர மாட்டோம், வீட்டில் போய்ச் சொல்லுங்கள் என்கிறார் கடைக்காரர். பிள்ளைகளுக்குக் கட்டுப்பாடு என்றால் என்னவென்றே புரியவில்லை. விழித்துக்கொண்டு நிற்கிறார்கள். அதைக் கடைக்காரர் தரப்பே வீடியோ எடுத்துப் பரப்பியது.

அந்த வீடியோ உங்கள் போனுக்கும் வந்திருக்கலாம். கடைக்கு சீல் வைத்தார்கள், கைது நடந்தது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் அபூர்வமாகவே பயன்படுத்தப்படும் ஒரு பிரிவை எடுத்து, குற்றம் சாட்டப்பட்ட ஐந்து பேர் ஆறு மாதம் ஊருக்குள் நுழையக் கூடாது என்று நெல்லை நீதிமன்றம் தடை விதித்தது.

வழக்கு அதன் வழியில் போகட்டும். வீடியோவைத் திரும்ப ஒருமுறை யோசித்துப் பாருங்கள். அதில் அடிதடி இல்லை, ரத்தம் இல்லை, குரலைக்கூட உயர்த்தவில்லை. ஒரு பெரியவர் சின்னப் பிள்ளைகளுக்கு 'நாம' யார், 'அவங்க' யார் என்று பாடம் எடுக்கிறார், அவ்வளவுதான். அந்தப் பாடம் திருப்பி அனுப்பப்பட்ட பிள்ளைகளுக்கு மட்டுமா? அதே கடையில் அடுத்த நிமிடம் மிட்டாய் வாங்கிப் போகும் பிள்ளைகளுக்கும்தான். பள்ளி வன்முறையைப் பற்றிப் பேசும்போது நாம் பெரும்பாலும் கவனிக்காமல் விடுவது இந்த இரண்டாவது பிள்ளையை.

தெற்கில் நடந்தவை

2022 ஏப்ரல்: அம்பாசமுத்திரம் அருகே பள்ளக்கால் பொதுக்குடி அரசுப் பள்ளியில், கையில் கட்டும் கயிறு தொடர்பான மோதலில் பிளஸ் 2 மாணவர் ஒருவர் உயிரிழந்தார்.

2023 ஆகஸ்ட் 9: நாங்குநேரியில் பட்டியலின மாணவர் ஒருவர் சக மாணவர்களின் தொல்லை பற்றிப் பள்ளியில் சொல்கிறார். அன்று இரவே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. அதைப் பார்த்த உறவினர் ஒருவர் அதிர்ச்சியில் இறந்துபோனார். அந்த மாணவர் அடுத்த ஆண்டு பிளஸ் 2 தேர்வில் 600-க்கு 469 எடுத்தார்.

2025 மார்ச்: ஸ்ரீவைகுண்டம் பகுதியில் தேர்வு எழுத பஸ்ஸில் போய்க்கொண்டிருந்த பிளஸ் 1 மாணவரைக் கீழே இறக்கி வெட்டினார்கள். விரல்கள் துண்டாகின. கபடிப் போட்டியில் தோற்ற ஆத்திரம்தான் காரணம் என்று கூறப்பட்டது. அடுத்த மாதம் பாளையங்கோட்டையில் எட்டாம் வகுப்பு மாணவர் ஒருவர் வகுப்புத் தோழனை அரிவாளால் வெட்டினார். தடுத்த ஆசிரியைக்கும் காயம். தொடக்கம், ஒரு பென்சில் தகராறு.

(இவர்களில் யார் பெயரும் இங்கே இல்லை. சட்டப்படியும் நியாயப்படியும் வேண்டியதில்லை.)

இதில் எல்லாமே ஒரே வகை அல்ல. பென்சில் தகராறில் சாதியைத் தேட வேண்டியதில்லை. வீட்டில் தினமும் அடி வாங்கும் பிள்ளை, தூக்கம் கெட்ட பிள்ளை, மனநல உதவி தேவைப்படும் பிள்ளை என்று முரட்டுத்தனத்துக்கு வேறு பல வேர்கள் உண்டு. ஆனால் கயிறு, புகார், கபடி என்ற மூன்றிலும் ஒரு பொதுவான சங்கதி இருக்கிறது. அடித்தவன் தனியாளாக அடிக்கவில்லை. 'நம்ம பயலுக்காக' அடித்தான்.

'இந்தக் காலத்துப் பசங்களுக்கு இரக்கமே இல்ல' - உண்மையா?

ஒவ்வொரு சம்பவத்துக்குப் பிறகும் டீக்கடையிலிருந்து டிவி விவாதம் வரை இரண்டு வைத்தியம் சொல்லப்படும். ஒன்று, பிள்ளைகளுக்கு எம்பதி, அதாவது அடுத்தவன் வலியைத் தன் வலியாக உணரும் ஒத்துணர்வு கற்றுக்கொடுக்கணும். இரண்டு, சாமி பயம் வேணும், கோயிலுக்குக் கூட்டிட்டுப் போகணும்.

கேட்க இரண்டுமே சரியாகத்தான் தெரிகிறது. ஆராய்ச்சிகளைப் புரட்டினால் கொஞ்சம் இடிக்கிறது.

2014-ல் டேவிட் வாச்சன் உள்ளிட்ட அமெரிக்க உளவியலாளர்கள், ஒத்துணர்வுக்கும் முரட்டு நடத்தைக்கும் உள்ள தொடர்பை அளந்த பழைய ஆய்வுகளை எல்லாம் திரட்டி மறுபடி கணக்குப் போட்டார்கள். ஒத்துணர்வு குறைந்தால் முரட்டுத்தனம் கூடும் என்பதுதான் எல்லோரும் நம்பியது. தொடர்பு இருந்தது, ஆனால் எதிர்பார்த்ததைவிட மிக மிக பலவீனம். ஒருவர் எவ்வளவு முரடர் என்பதில் சுமார் ஒரு சதவீதத்தைத்தான் ஒத்துணர்வு விளக்கியது. கட்டுரையின் தலைப்பிலேயே ஆச்சரியமான முடிவு என்று போட்டுக்கொண்டார்கள்.

எப்படி? இதற்குப் பதில் ஒரு சாதாரணக் கேள்வியில் இருக்கிறது: ஒத்துணர்வு, சரி, *யார் மேல*?

பெய்ஜிங்கில் 2009-ல் வெளியான ஒரு மூளை ஸ்கேன் ஆய்வு பிரபலம். முகத்தில் ஊசி குத்தப்படும் வீடியோவைச் சீனர்களுக்கும் வெள்ளையர்களுக்கும் காட்டினார்கள். தன் இனத்து முகத்தில் குத்தும்போது வலியோடு தொடர்புடைய மூளைப் பகுதி நன்றாக விழித்துக்கொண்டது. அடுத்த இனத்து முகம் என்றால் அந்தத் துடிப்பு குறைந்தது. அவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. நம்மைப் போன்ற சாதாரண ஆட்கள்தான்.

எமில் புருனோ, மினா சிகாரா, ரெபெக்கா சாக்ஸ் ஆகியோர் 2017-ல் வெளியிட்ட ஆய்வு இன்னும் ஒரு படி மேலே போனது. அமெரிக்கர்கள் அரபு மக்களையும், ஹங்கேரியர்கள் அகதிகளையும், கிரேக்கர்கள் ஜெர்மானியர்களையும் எப்படிப் பார்க்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டார்கள். ஒருவருக்கு மொத்தமாக எவ்வளவு இரக்க குணம் என்பது, அவர் அடுத்த கூட்டத்துக்குத் தீங்கு நேர்வதை ஆதரிப்பாரா என்பதைக் காட்டிக்கொடுக்கவில்லை. காட்டிக்கொடுத்தது இன்னொன்று: தன் ஆட்கள் மேல் உள்ள இரக்கத்துக்கும் அடுத்தவர் மேல் உள்ள இரக்கத்துக்கும் நடுவில் இருக்கும் *இடைவெளி*.

இப்போது நம் ஊருக்கு வாருங்கள். "நம்ம பயலத் தொட்டுட்டாம்லே" என்று பைக் எடுத்துக்கொண்டு கிளம்புகிற பதினேழு வயதுப் பையனிடம் இரக்கம் இல்லை என்று சொல்ல முடியுமா? தன் கூட்டாளிக்கு விழுந்த அடி அவனுக்கு வலிக்கிறது. அந்த வலிதான் வண்டியைக் கிளப்புகிறது. அவனைப் போய் 'இரக்கமில்லாதவன்' என்றால் அவனுக்கே சிரிப்பு வரும். அவனுக்குத் தெரிந்த அளவில் அவன் பாசக்காரன்.

அப்படிப்பட்ட பிள்ளைக்கு "இன்னும் கொஞ்சம் பாசமா இரு" என்று வகுப்பெடுத்தால் என்ன ஆகும்? இருக்கிற இடத்திலேயே இன்னும் கொஞ்சம் பாசம் கூடும்.

கயிறு சாமிக்கா, சாதிக்கா?

ஆன்மிகப் பக்கம் இதைவிடச் சிக்கல்.

தென் மாவட்டப் பள்ளிகளில் சிவப்பு, மஞ்சள், பச்சை, காவி என்று கையில் கயிறு கட்டுவது பல ஆண்டுப் பழக்கம். கேட்டால், "கோயில்ல கட்டுனது சார்" என்பான் பையன். பாதி நேரம் அது உண்மையும்கூட. பிரச்சினை என்னவென்றால், எந்த நிறம் எந்தச் சாதி என்று வகுப்பில் உள்ள எல்லோருக்கும் தெரியும். யார் பெஞ்சில் உட்காரலாம், யாரை அணியில் சேர்க்கலாம் என்பதை அந்த நிறம் சொல்லிவிடும். நெற்றிப் பொட்டும் மோதிரமும் இதே வேலையைச் செய்யத் தொடங்கின.

2019-ல் பள்ளிக் கல்வித் துறை, இப்படிச் சாதி காட்டும் கயிறுகளைக் கண்டறிந்து தடுக்கச் சொல்லி ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. உடனே 'இந்து அடையாளத்தின் மேல் கை வைக்கிறார்கள்' என்று எதிர்ப்பு. அப்போதைய கல்வி அமைச்சரே பழைய நடைமுறைதான் தொடரும் என்று சொல்லிவிட்டார். மூன்று ஆண்டுகளில் பள்ளக்கால் பொதுக்குடி.

நாங்குநேரிக்குப் பிறகு அரசு அமைத்த நீதியரசர் கே.சந்துருவின் ஒருநபர் குழு 2024 ஜூனில் 600 பக்கங்களுக்கு மேல் அறிக்கை கொடுத்தது. கயிறு, மோதிரம், நெற்றிக் குறி வேண்டாம்; பள்ளிப் பெயர்களில் சாதி வேண்டாம்; சைக்கிளில் சாதி வண்ணம் கூடாது; அறநெறி வகுப்பு வேண்டும்; மாணவர் நல அலுவலர்கள் வேண்டும் என்று பரிந்துரைகள் நீண்டன. இந்த முறையும் சத்தம் கிளம்பியது நெற்றிக் குறி என்ற ஒரு வார்த்தையில்தான். மற்ற பக்கங்களை எத்தனை பேர் புரட்டினார்கள் என்பது சந்தேகமே.

சாமி பெயரால் கட்டும் கயிறு சாதி ஐடி கார்டாக மாறியதில் சாமிக்குப் பங்கில்லை. ஆனால் ஒரு விஷயத்தை மறைக்க முடியாது. பக்தியின் வெளி அடையாளம், உள்ளே இருக்க வேண்டிய பரிவுக்கு உத்தரவாதம் ஆகாது.

சரி, ஆன்மிகம் பிள்ளைகளை நல்லவர்கள் ஆக்குமா, ஆக்காதா?

இதில் அவசரமாகத் தீர்ப்பு சொன்னவர்கள் இரு தரப்பிலும் சூடு பட்டிருக்கிறார்கள்.

2015-ல், ஆறு நாடுகளில் சுமார் 1,170 பிள்ளைகளை வைத்து ஜான் டெசெட்டி குழு நடத்திய ஆய்வு உலகம் முழுக்கத் தலைப்புச் செய்தி ஆனது. பக்தியான வீட்டுப் பிள்ளைகள் அடுத்தவருக்குப் பங்கிட்டுக் கொடுப்பதில் பின்தங்குகிறார்கள் என்பது முடிவு. நாத்திகர்கள் ஷேர் பண்ணித் தீர்த்தார்கள். பிறகு வேறொரு ஆய்வாளர் அதே தரவை வாங்கிப் பார்த்தால், நாடுகளுக்கு அடையாளமாகக் கொடுத்த 1, 2, 3 என்ற எண்களை நிஜ அளவுகள் போலவே கணக்கில் சேர்த்திருந்தார்கள். திருத்திப் போட்டதும் அந்த முடிவு மறைந்துவிட்டது. 2019-ல் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. அந்தச் செய்தியை ஷேர் பண்ண ஆள் இல்லை.

மறுபக்கம், ஆன்மிகப் பேச்சு என்றாலே நல்லதுதான் என்று நினைத்தவர்களுக்கு 2024-ல் சென்னை அசோக் நகர் அரசுப் பள்ளி ஒரு பாடம். மாணவிகளுக்குத் தன்னம்பிக்கை ஊட்ட அழைக்கப்பட்ட பேச்சாளர், மாற்றுத்திறனோடு பிறப்பது முற்பிறவிப் பாவம் என்ற ரீதியில் பேச, அங்கேயே எழுந்து நின்று எதிர்த்தவர் பார்வை மாற்றுத்திறன் கொண்ட ஓர் ஆசிரியர். எதிரில் இருப்பவருக்கு அது எப்படி வலிக்கும் என்ற யோசனையே இல்லாத ஆன்மிகமும் உண்டு என்பதை அந்த வீடியோ காட்டிவிட்டது.

ஆனால் இந்த விஷயத்தில் மிக முக்கியமான ஆய்வு இவை இரண்டும் இல்லை. 2016-ல் ஜெரமி ஜிஞ்சஸ் குழு பாலஸ்தீனத்தில் 555 பதின்பருவப் பிள்ளைகளிடம் ஒரு கற்பனைச் சிக்கலைக் கொடுத்தது. ஒரு பாலஸ்தீனர் தன் உயிரைக் கொடுத்தால் ஐந்து குழந்தைகள் பிழைப்பார்கள். அந்தக் குழந்தைகள் பாலஸ்தீனர்கள் என்றால் கொடுக்கலாமா? யூத இஸ்ரேலியக் குழந்தைகள் என்றால்? தன் பார்வையில் பதில் சொன்னபோது, எதிர்பார்த்தபடியே, நம் குழந்தைகளுக்கு மதிப்பு அதிகம். அடுத்து, இதையே அல்லா எப்படிப் பார்ப்பார் என்று யோசித்துச் சொல்லச் சொன்னார்கள். இரண்டு மதிப்புகளுக்கும் நடுவில் இருந்த இடைவெளி கணிசமாகக் குறைந்தது.

தினம் தினம் மோதல் நடக்கும் மண். அந்தப் பிள்ளைகள் மேல் யாரும் புதிதாகப் பக்தியைத் திணிக்கவில்லை. இருந்த நம்பிக்கையிடமே ஒரு கேள்வி கேட்டார்கள்: 'அவங்க' பிள்ளையை உன் சாமி எப்படிப் பார்ப்பார்?

இரண்டு பாம்புகளின் சண்டை

இந்தக் கேள்வி சங்கரன்கோவிலுக்குப் புதிதல்ல. ஊரே அதன் மேல்தான் நிற்கிறது.

தல புராணம் இதுதான். சங்கன், பதுமன் என இரண்டு நாக அரசர்கள். ஒருவருக்குச் சிவன்தான் பெரியவர், இன்னொருவருக்குப் பெருமாள்தான் பெரியவர். சண்டை முற்றி அம்மனிடம் பஞ்சாயத்துக்குப் போகிறார்கள். கோமதி அம்மன் யார் பக்கமும் தீர்ப்பு சொல்லவில்லை. தவம் இருக்கிறாள். ஆடி மாத உத்திராட நட்சத்திரத்தன்று வலப்பாதி சிவனும் இடப்பாதி திருமாலுமாக ஒரே உருவத்தில் சங்கரநாராயணர் காட்சி கொடுக்கிறார். அதுதான் ஆடித்தபசு. அந்த நாகங்கள் வெட்டியதாகச் சொல்லப்படும் நாகசுனையும், பிரசாதமாகத் தரும் புற்றுமண்ணும் இன்றும் கோயிலுக்குள் இருக்கின்றன.

நெசவுத் தறிச் சத்தமும் பூ மார்க்கெட்டுமாக இருக்கும் இந்த ஊரில் வளரும் எந்தப் பிள்ளைக்கும் இந்தக் கதை தெரியும். தபசுக்குப் பள்ளிக்கூடம் லீவு, ஆடிச் சுற்று சுற்றுவார்கள், ராட்டினம் ஏறுவார்கள். கதையில் சண்டை போட்டது சாமிகள் அல்ல, பக்தர்கள்தான் என்ற இடத்தை மட்டும் யாரும் அழுத்திச் சொல்வதில்லை. பாஞ்சாங்குளத்திலிருந்தும் பிள்ளைகள் தபசு பார்க்கச் சங்கரன்கோவிலுக்குத்தான் வர வேண்டும். அதே கதையைத்தான் கேட்பார்கள்.

எனவே அறநெறி வகுப்பு வேண்டாம் என்பதல்ல. 'நல்லவனாக இரு' என்ற பொது உபதேசத்துக்கும், 'அந்தத் தெருப் பையனை உன் சாமி எப்படிப் பார்க்கும்?' என்ற குறிப்பான கேள்விக்கும் வித்தியாசம் நிறைய. இரண்டாவதைக் கேட்க ஆசிரியருக்குத் தைரியம் வேண்டும். தன் சாதியையும் பள்ளி வாசலில் கழற்றிவைத்திருக்க வேண்டும்.

பேச்சைவிட பெஞ்ச் முக்கியம்

கேள்வி கேட்பதைவிட நன்றாக வேலை செய்யும் ஒன்றும் இருக்கிறது. அது கொஞ்சம்கூட ஆன்மிகமாகத் தெரியாது: பக்கத்தில் உட்கார வைப்பது.

டெல்லியில் 2007-ல், அரசு நிலத்தில் நடக்கும் பணக்காரத் தனியார் பள்ளிகள் ஏழைப் பிள்ளைகளுக்கு இடம் ஒதுக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தப்பட்டது. பெற்றோரிடம் ஏகப்பட்ட முணுமுணுப்பு. பொருளாதார ஆய்வாளர் கௌதம் ராவ் பிறகு போய் அளந்து பார்த்தார். ஏழைப் பிள்ளைகளோடு படித்த பணக்காரப் பிள்ளைகள் கூடுதலாகப் பங்கிட்டுக் கொடுத்தார்கள், பாகுபாடு குறைவாகக் காட்டினார்கள். ரிலே ஓட்டத்துக்கு யாரை அணியில் எடுப்பாய் என்று வைத்தே இதைச் சோதித்தார். சுவாரசியமான விஷயம், சில பள்ளிகளில் படிப்புக் குழுக்களைப் பெயரின் அகர வரிசைப்படி பிரித்திருந்தார்கள். தற்செயலாக ஒரே குழுவில் விழுந்து பழகிய பிள்ளைகளிடம்தான் மாற்றம் தெளிவாகத் தெரிந்தது. அட்டெண்டன்ஸ் வரிசை செய்த வேலை அது.

ஆனால் சும்மா கலந்துவிட்டால் போதுமா? போதாது. உத்தரப் பிரதேசத்தில் மேட் லோ என்ற ஆய்வாளர் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இளைஞர்களை வைத்து கிரிக்கெட் லீக் நடத்தினார். சில அணிகளில் பல சாதியினரும் கலந்து ஆடினார்கள், சில அணிகளில் ஒரே சாதி. கலந்த அணியில் *ஒன்றாக* ஆடியவர்களுக்குச் சாதி தாண்டிய நண்பர்கள் கூடினார்கள். மற்ற சாதிக்காரர்களை *எதிரணியில்* மட்டும் சந்தித்தவர்களிடம் நட்பு குறையத்தான் செய்தது.

ஸ்ரீவைகுண்டம் கபடிப் போட்டியை இப்போது நினைத்துப் பாருங்கள். ஊருக்கு ஒரு டீம், தெருவுக்கு ஒரு டீம் என்று இருக்கும் இடத்தில் விளையாட்டு சாதியை உடைக்காது. சாதிக்கு ஜெர்சி மாட்டிவிடும்.

தமிழக அரசுப் பள்ளிகளில் 2024 நவம்பரில் தொடங்கிய 'மகிழ் முற்றம்' திட்டம் இந்த இடத்தில்தான் கவனிக்கத்தக்கது. மாணவர்களைக் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என ஐந்து குழுக்களாகப் பிரிக்கிறார்கள். விளையாட்டும் போட்டியும் அந்தக் குழுவாக. பையன் 'நாங்க முல்லை டா' என்று கத்தினால் அதில் எந்தத் தெருவும் இல்லை. நல்ல யோசனை. ஆனால் ஐந்து குழுக்களையும் யார், எப்படிப் பிரிக்கிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நண்பர்கள் சேர்ந்து இருக்கட்டும் என்று விட்டுவிட்டால் பழைய தெரு அப்படியே புதிய பெயரில் வந்து உட்காரும். அகர வரிசையை நம்புவது உத்தமம்.

ஊரை விட்டு வந்தவர்களுக்கு

இதைச் சென்னையிலோ பெங்களூருவிலோ மெட்ரோவில் நின்றபடி படித்துக்கொண்டிருக்கலாம் நீங்கள். உங்களுக்கு இதில் என்ன வேலை?

இருக்கிறது. ஊர்க் கொடைக்கும் தபசுக்கும் ஊரில் இருக்கும் பையன்கள் டி-ஷர்ட் அடிப்பார்கள், பிளெக்ஸ் வைப்பார்கள், ரீல்ஸ் போடுவார்கள். காசு எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் வெளியூரில் சம்பாதிக்கும் அண்ணன்களிடமிருந்து. "அண்ணே, இந்த வருஷம் நம்ம டீம் மாஸ் காட்டணும்" என்று வாட்ஸ்அப்பில் மெசேஜ் வரும். ஆபீஸில் மீட்டிங் நடுவில் நீங்களும் ஒரு ஐந்நூறு ரூபாய் தட்டிவிடுவீர்கள். ஊர்ப் பாசம்தான், தப்பு இல்லை. அந்த டி-ஷர்ட்டின் நிறத்தையும் முதுகில் அச்சடித்த பெயரையும் பள்ளியில் எட்டாம் வகுப்புப் பையன் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறான், பெட்டிக்கடையில் நின்ற பிள்ளை மாதிரி.

அவன் உங்கள் சித்தப்பா பையனாக இருந்தால், போனில் மார்க் கேட்பதோடு இன்னொன்றும் கேட்கலாம். பக்கத்தில் யார் உட்கார்றான், அவன் வீட்டுக்கு நீ போயிருக்கியா, அவன் நம்ம வீட்டுக்கு வந்திருக்கானா? பதிலில் தயக்கம் வந்தால் காரணம் தெரிந்துவிடும். பள்ளியில் மிரட்டலோ தொல்லையோ இருப்பதாகச் சொன்னால் 14417 (பள்ளிக் கல்வி உதவி எண்), 1098 (சைல்டு லைன்) இரண்டையும் அவன் போனில் சேவ் பண்ணச் சொல்லுங்கள். நாங்குநேரி மாணவர் புகார் சொன்ன அன்றே வீட்டுக்கு வந்தார்கள் என்பதால், புகார் சொன்ன பிள்ளை அன்று மாலை எப்படி வீடு போகும், இரவில் துணைக்கு யார் என்பதையும் பள்ளியிடம் கேட்டுவிடுவது நல்லது.

அடுத்த தபசுக்கு வசூல் மெசேஜ் வரும்போது, ஜிபே பண்ணுவதற்கு முன்னால் ஒரு கேள்வி: டி-ஷர்ட் என்ன கலர்லே, டீம்ல யார் யாரு?